ஈட்டி குத்தாத ரீச்சர்

எனக்கு அக்குள் வியர்க்கும். இந்த ஒரு வசனத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எல்லோருக்கும் வியர்ப்பதுபோல் அல்ல எனக்கு. மார்கழி மழையில், சும்மா கதிரையில் இருந்தாலும், இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி விட்டதுபோல் ஓடும். (இரணைமடுக் குளத்தில் தண்ணீர் வற்றிய காலத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. கையைத் தூக்கினால் மானம் போய்விடும் என்பதால் கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டுமே எழுதுவேன். கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்துத்தான் கொப்பியில் எழுதினார்கள். அது என்மேல் உள்ள மரியாதை என்று அதிபர் நினைத்துக்கொண்டார். பவுடரை அள்ளிக் கொட்டிப் பார்த்தேன். முதல் பாடம் முடிவதற்குள் களியாகிவிட்டது.

அப்போது, பிள்ளைகளை நிறத்துக்கொரு இல்லமாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. சிவப்பு இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்த நான் வெள்ளைச் சாறியும் சிவப்புச் சட்டையும் உடுத்த வேண்டும். எனக்குப் பெரிய சந்தோஷம். கடும் சிவப்பில் ஈரம் தெரியாதே! புதுத்துணி வாங்கித் தைத்து, ஒருமுறைகூடத் தண்ணீரில் தோய்க்காமல் அப்படியே போட்டுக்கொண்டு போனேன். (மூளை இருந்தது. அன்றைக்குக் கொண்டுபோகவில்லை.)

ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் வேலையை அதிபர் என்னிடம் தந்தார். கொடியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, விசில் ஊதிக் கீழே இறக்க வேண்டும். காலை முழுவதும் கையைத் தூக்கியபடி வெயிலில் நின்றேன். மைதானத்தின் மறுபக்கத்தில் ஈட்டி எறிதல் தொடங்கவிருந்தது.

"ஐயோ! கமலா ரீச்சருக்கு ரத்தம்!"

கத்தியவர் சங்கீத ரீச்சர். நல்ல குரல்வளம், கடைசி மரத்தடி வரைக்கும் கேட்டது. குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சாறியில் அக்குளிலிருந்து இடுப்புவரை சிவப்பாய் வழிந்திருந்தது.

"ஈட்டி குத்திப்போட்டுது!" என்றது கூட்டம்.

அதிபர் ஓடி வந்தார். "ஆரடா எறிஞ்சது?"

ஈட்டியோடு நின்ற மாணவன் குலேந்திரன் அழத் தொடங்கினான். "சேர், நான் இன்னும் எறியேல்லை. இஞ்சை பாருங்கோ, என்ரை கையிலதான் கிடக்குது!"

அவன் சொன்னதை யார் கேட்டார்கள்!

"பிள்ளை, நல்லா நோகுதோ?" என்று அதிபர் என்னிடம் கேட்டார்.

ஊரே சுற்றி நின்றது. இவ்வளவு பேருக்கு முன்னால் வியர்வை என்று சொல்வதைவிட ஈட்டி குத்திச் சாவது மேல் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். மயங்கிவிட்டேன் என்று முடிவுகட்டி, டிராக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். சங்கீத ரீச்சர் வழி முழுக்க என் 'காயத்தை' அமத்திப் பிடித்தபடி வந்தார். (அவா அமத்த அமத்த இன்னும் சிவப்பு வந்தது.)

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். திரையை இழுத்து மூடிவிட்டுப் பஞ்சால் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"காயத்தைக் காணேல்லையே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "குத்தேல்லை டொக்டர். எனக்கு வேர்க்கிறது. அதிலை சட்டைச் சாயம் கழண்டு போச்சுது." கரும்பலகைக் கதை வரை எல்லாவற்றையும் கொட்டினேன். "இது ஏதும் பெரிய நோய் வருத்தமோ?"

அவர் சிரிக்கவில்லை. தன் வெள்ளைக் கோட்டின் கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். அங்கே ஒரு ரொட்டி அளவுக்கு ஈரம்.

"எனக்கும்தான். சில பேருக்கு வேர்வை கூடச் சுரக்கும், அவ்வளவுதான். ஊத்தையாலை வாறதில்லை. பயந்தால், வெக்கப்பட்டால் இன்னும் கூடும். நித்திரையிலை வேர்த்துக் கொட்டுதோ? உடம்பு மெலியுதோ?"

"இல்லை."

"அப்ப பயப்பிட ஒண்டுமில்லை."

அலுமினியம் குளோரைட் கலந்த தண்ணீர் மருந்து ஒன்றை எழுதித் தந்தார். "படுக்கேக்கை நல்லாத் துடைச்சு, காஞ்ச பிறகு பூசுங்கோ. விடியக் கழுவுங்கோ. குறைஞ்சால் கிழமைக்கு ஒருக்கால் பூசினால் காணும். எரிஞ்சால் கொஞ்ச நாள் விடுங்கோ. பருத்திச் சட்டையை லூசாய்த் தையுங்கோ. தோய்ச்சுப்போட்டுப் போடுங்கோ!"

உலகத்தில் இன்னோர் அக்குளும் இப்படி இருக்கிறது என்று அறிந்ததிலேயே எனக்குப் பாதி குணமாகிவிட்டது.

வெளியே அதிபரும், சங்கீத ரீச்சரும், மகனுக்கு என்ன ஆகுமோ என்று சைக்கிளில் பறந்து வந்த குலேந்திரனின் தகப்பனும் நின்றார்கள்.

"காயம் இல்லை, சாயம்," என்றார் டொக்டர்.

அவர்களுக்கு விளங்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு நானே சொன்னேன். "எனக்கு அக்குள் கூட வேர்க்கும் சேர். அதாலை சட்டைச் சாயம் கரைஞ்சு போச்சுது."

வானம் இடிந்து விழவில்லை. குலேந்திரனின் தகப்பன் "அப்பாடா!" என்று நிலத்தில் குந்திவிட்டார். அதிபர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சங்கீத ரீச்சர் மட்டும் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தபடி, "அப்ப நான் இவ்வளவு நேரமும் அமத்தினது..." என்று இழுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார்.

மருந்து வேலை செய்தது. அடுத்த தவணையில் நான் கரும்பலகையின் உச்சி வரை எழுதினேன்.

ஆனால் டொக்டர் சொன்ன அந்த மூன்று சொற்களும் எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யார் விழுந்தாலும் முதல் கேள்வி அதுதான். போன மழைக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, "ஐயோ, ஆராவது ஓடி வாங்கோ!" என்று கத்தினேன்.

உள்ளே இருந்த மருமகன் எழும்பாமலே ஆறுதலாகக் கேட்டார். "மாமி, காயமோ, சாயமோ?"

சிரிப்பு அடங்கிப் பதில் சொல்லும்வரை சேற்றிலேயே கிடந்தேன்.