வீணாக்கத் தெரியாத பள்ளிக்கூடம்

ரஹாங்கில் மாமரத்து நிழலில் நாற்காலி போட்டு வாழும் மச்சான் ஜோசப்ராஜ் அவர்களுக்கு, ரந்தாவ் தோட்டத்து வெயிலில் பள்ளி வேன் ஓட்டிக் கறுத்துப்போன உங்கள் தங்கை புருஷன் பேட்ரிக் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் டோரினும் சுகம். உங்கள் சுகமும், உங்களுக்கு முன்னால் நடந்து போகும் உங்கள் தொப்பையின் சுகமும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

டோரின் சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன் அந்த வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். போர்டிக்சன் ஹோட்டலில் மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த ஆள் நான்தான். களவாடவில்லை மச்சான். அரசாங்கக் கட்டடங்களில் கரண்டைக் குறைத்து, கார்பன் புகையையும் குறைத்தால் மானியம் தருகிறார்கள், பள்ளிக்கூடமும் கேட்கலாம் என்று கிறிஸ்மஸ் அன்று ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டே கொளுத்திப் போட்டீர்களே, அதற்கு விளக்கக் கூட்டம் அங்கேதான் நடந்தது. கரண்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்று காலை முழுக்கப் பேசினார்கள். பேசின மண்டபத்தில் ஏர்கோன் போட்டிருந்த போடு, ஐஸ் பெட்டியில் வைத்த கெம்போங் மீன் மாதிரி விறைத்துப்போனேன். அலுவலகக்காரர்கள் எல்லாம் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மேசை விரிப்பு. அது என் மேலே கிடப்பதே வெயில் பட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு சீனத்து அம்மா என்னைப் பாதிரியார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பட்ட மானக்கேடெல்லாம் யாருக்காக? உங்கள் மருமகள், என் மகள் டான்யாவுக்காக. அவள் படிக்கும் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குத் தகரக் கூரை. மதியம் ஆனால் பிள்ளைகள் அந்த அறையில் வேகிறார்கள். தினமும் தலைவலியோடு வேனில் ஏறி என் பின் சீட்டில் சுருண்டு படுக்கிறாள். கூரைக்கு வெப்பம் தடுக்கும் பலகை, மேலே சோலார், இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் துணைத் தலைவர் என்ற முறையில் நானே மானிய அதிகாரியிடம் போனேன். சத்தியசீலன் என்று ஒரு தம்பி, சின்ன வயசு, காலில் பளபளவென்று சப்பாத்து. நம் பள்ளியின் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பில்லு ரொம்ப கம்மிலா அண்ணே. கொறைக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"நாங்கதான் ஏற்கனவே கொறைச்சு வெச்சிருக்கோமே தம்பி."

"அது கணக்குல வராது. நெறைய எரிச்சு, அப்புறம் கொறைச்சாத்தான் மானியம்."

என்ன நியாயம் மச்சான் இது? சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏர்கோன் போடுகிறவன் சன்னலைச் சாத்தினால் பணம், எங்களுக்கு ஒன்றும் கிடையாதா? மூன்று தட்டுச் சோறு தின்கிற நீங்கள் ஒரு தட்டைக் குறைத்தால் மாலை போடுவார்களாம், ஒரு தட்டோடு எழுந்திருக்கிற எனக்குக் குறைக்க ஒன்றும் இல்லையாம், வெளியே போகணுமாம்! வந்த கோபத்தில் வேனை இரண்டாம் கியரிலேயே தோட்டம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சங்கக் கூட்டத்தில் பொருளாளர் புனிதன் எழுந்து, "அப்ப வீணாக்குவோம்லா! எல்லாத்தையும் எரிய விடுவோம், பில்லு ஏறட்டும், அப்புறமா கொறைப்போம்" என்றான். தலைமையாசிரியை ரோகினிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மா ஆள் இல்லாத வகுப்பில் ஃபேன் சுற்றினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

"என் பள்ளிக்கூடத்துல பட்டப்பகல்ல லைட்டு எரியறத நான் பாக்கணுமா?"

"பாக்காதீங்க டீச்சர். கண்ண மூடிக்கிட்டு நடங்க, நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முறைத்தார். ஆனாலும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை நினைத்துச் சரி என்றார்.

மறுநாளே எல்லா விளக்கும், எல்லா ஃபேனும் போட்டோம். யாரும் அமத்திவிடாமல் பார்த்துக்கொள்ள சங்கத்து ஆட்கள் முறை வைத்து வந்தோம். அங்கேதான் கெட்டது. கேண்டீன் செல்லம்மா, "யாருமில்லாத ரூம்புல ஃபேன் சுத்துதுண்ணே, மனசு கேக்கல, ரெண்டே ரெண்டத்தான் அமத்துனேன்" என்று வந்து நின்றாள். யோசனை சொன்ன புனிதனையே கழிவறைச் சுவிட்சில் விரலோடு பிடித்தேன். "கை தானா போகுதுண்ணே" என்கிறான்! அவனைக் கண்டபடி ஏசிவிட்டு வெளியே வந்தவன், நடைபாதை விளக்கை அமத்திவிட்டு வேனில் ஏறினேனாம். டோரின் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். முன்பு ரோகினி டீச்சர் ஒருவர்தான் அமத்திக்கொண்டு திரிந்தார், இப்போது சங்கமே திரிந்தது. பில் வந்தது, இதுவரை வராத அளவுக்குக் குறைந்து வந்தது.

சத்தியசீலனுக்கு ஃபோன் போட்டேன். "மானியம் இல்லாமலே கொறைச்சிட்டீங்களே, வாழ்த்துகள்ணே! அப்ப உங்களுக்கு மானியமே தேவையில்ல" என்றார். ஃபோனைத் தூக்கி எறிந்தேன், மெத்தை மேலேதான். ஆத்திரம் இருந்தாலும் புது ஃபோன் பாருங்கள்.

ஆகவே மச்சான், மூன்றாம் வகுப்போடு தோட்டத்துக்கு ஓடிப்போனவன் நான், எனக்கு மலாயில் திட்ட மட்டும்தான் வரும், எழுத வராது. முப்பது வருசம் அலுவலகத்தில் பேனா பிடித்தவர் நீங்கள். அந்த ஆளுக்கு மேலே இருக்கிற ஆளுக்கு, அவருக்கும் மேலே இருக்கிற ஆளுக்கு, சுடச்சுட ஒரு புகார் எழுதுங்கள். சத்தியசீலனுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெவர்லி அக்காவுக்கு எங்கள் தோத்திரம். சின்னவன் இவானுக்கு முத்தம், வேண்டாம் என்பான், பிடித்து வைத்துக் கொடுங்கள். மாதா உங்கள் எல்லாரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, கொதிக்கும் மனத்தோடு,
பேட்ரிக்

பி.கு.: புகார் எழுத வேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள். ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டிய பிறகு சத்தியசீலன் தம்பியே பள்ளிக்கு வந்தார், பில் இறங்கியதை நம்பாமல் மீட்டரைப் பார்க்க. பார்த்ததை எழுத மூன்றாம் ஆண்டு வகுப்பில் டான்யா பக்கத்தில் உட்கார்ந்தார். மதியம். கொஞ்சம் எழுதினார். பிறகு எழுதவில்லை. தண்ணீர் கேட்டார். கூரை வேலைக்கு வேறு பிரிவில் மானியம் இருக்கிறதாம், அதற்கு பில் பார்க்க மாட்டார்களாம், அறைச் சூட்டைத்தான் பார்ப்பார்களாம். தானே சிபாரிசு எழுதி, அங்கேயே கையெழுத்தும் போட்டார். தங்கமான பிள்ளை. எழுந்து நடந்தபோது பசை இளகி, அவர் சப்பாத்தின் அடிப்பாகம் இரண்டும் வகுப்பிலேயே நின்றுவிட்டன. செல்லம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு சிரம்பான் அலுவலகத்துக்குப் போனார். அளவு சரியாக இருந்தது.