அந்தமான்காரரின் வெங்காய மூட்டை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள். பத்திரிகையில் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரு தகுதியும் இல்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தமான்காரரைப் பற்றி எழுத எங்கள் தெருவில் வேறு யாரும் முன்வரவில்லை, அதுதான் காரணம்.

எண்பதுகளில் விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. அங்கே 'அந்தமான்' என்று நாங்கள் கூப்பிட்ட அந்த ஆள் மேல் சந்தேகம் இல்லாதவர்கள் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் மட்டும்தான். அவற்றிலும் ஒன்றிரண்டு அவரைப் பார்த்து முறைக்கும்.

உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. தொழில், மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் ரிப்பேர். தோளில் ஒரு காக்கிப் பை, அதற்குள் பின், வாஷர், ஸ்பேனர். மழைக்காலம் முடிந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். கோடையில் இன்னும் கறுத்துப்போய்த் திரும்பி வருவார். எங்கே போயிருந்தீர் என்றால், "அந்தமான் போய்க்கினு வந்தேங்க" என்பார், பக்கத்துக் கோலியனூர் சந்தைக்குப் போய்வந்த மாதிரி.

எதிர்வீட்டில் ஒரு ஏட்டு இருந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய சந்தேகம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஸ்டவ்வுல பின்னு குத்துறவனுக்குக் கப்பல் டிக்கெட் ஏதுய்யா?"

"பங்க் கிளாஸுன்னு ஒண்ணு கீது, அதுல செலவு கம்மிதாங்க. கப்பலோட அடிவயித்துல, மிஷின் பக்கத்துல படுத்துக்கினு போவணும். போர்ட் பிளேர்ல இறங்கிட்டா, தீவுக்குத் தீவு சின்னக் கப்பல் கீது. மேல்தட்டுல துண்டை விரிச்சா அதான் ரூமு."

"சோறு?"

"சின்ன வெங்காயம் எடுத்துக்கினு போவேங்க. அந்தக் கோடித் தீவுல அது லேசுல கிடைக்காது. நம்ம ஊரு ஆளுங்க வூட்டுல ஒரு படி கொட்டிட்டு, அவங்க ஸ்டவ்வையும் ரிப்பேர் பண்ணிக் குடுத்தா, சோறும் உண்டு, பாயும் உண்டு."

ஸ்டவ்காரன் மூட்டை மூட்டையாக வெங்காயம் வாங்குவானேன்? உள்ளே தங்கம் இருக்கிறது என்று ஏட்டு முடிவு கட்டினார். ஒருநாள் அந்தமான் மூட்டையை எங்கள் தெருத் திண்ணையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன சமயம் பார்த்து மூட்டையைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்தார். மத்தியானம் அந்தமான் மூட்டையைத் தேடிக்கொண்டு வந்தபோது இரண்டு பேருக்கும் முகம் வீங்கி, கண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தமான் பதறிப்போனார். "ஏட்டய்யா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

ஏட்டு மூக்கைச் சிந்தினார். "இல்லய்யா. ஒண்ணும் இல்ல. உள்ளே ஒண்ணுமே இல்ல."

உரித்த வெங்காயம் கப்பலில் தாங்காது என்று அந்தமான் அதையெல்லாம் தெருவுக்கே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று எல்லா வீட்டிலும் வெங்காய சாம்பார். ஏப்பம் விட்டபடியே ஏட்டு சொன்னார்: "இவ்ளோ சரக்கைச் சும்மா தர்றான்னா, பெருசா எதையோ மறைக்கிறான்."

இது இப்படியே வேடிக்கையாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் வீட்டிலேயே அந்தமான் தீவுப் பேச்சு எழுந்தது. என் அக்கா புஷ்பாவின் வீட்டுக்காரர் கொத்தனார். ஒரு மேஸ்திரியோடு அந்தமானுக்கு வேலைக்குப் போனவர். முதலில் போர்ட் பிளேரில் இருந்தார், பிறகு வேறு தீவு என்றார்கள். அதற்கப்புறம் தகவலே இல்லை. அங்கே வேறு குடும்பம் என்றார் ஒருவர். ஆளே இல்லை என்றார் இன்னொருவர். பொட்டு வைப்பதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் அக்கா கண்ணாடி முன்னால் நிற்பாள்.

ஒருநாள் எங்கள் ஸ்டவ்வைக் கழற்றிக்கொண்டிருந்த அந்தமானிடம் அக்கா நேராகக் கேட்டாள். "அண்ணே, என்னை அங்க இட்டுக்கினு போறீங்களா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தமான் பர்னரைக் கீழே வைத்தார்.

"கப்பல் உடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்கணும், தங்கச்சி. திண்டிவனம் பஸ்ஸுல கடைசி சீட்டுல ஒரு தரம் போய் வா. அதுல நேரா உக்காந்துட்டா எந்தக் கடலும் உன்னை ஒண்ணும் பண்ணாது."

அந்தமானும் கூட வந்தார். அக்காவுக்குத் துணையாக நான் போனேன். அந்தமானைக் கண்காணிக்க ஏட்டும் ஏறிக்கொண்டார். அந்தக் காலத்து ரோடு, அதுவும் கடைசி சீட்டு. விக்கிரவாண்டி தாண்டியதும் அந்தமான் பேச்சை நிறுத்தினார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது.

"யோவ், இன்னும் நல்லா நீட்டுய்யா! வண்டியை யாரு கழுவுறது?" என்று கண்டக்டர் கத்தினார்.

ஏட்டுக்குப் பதக்கம் கிடைத்த சந்தோஷம். "பாத்தீங்களா! கப்பல்ல போனவன் பஸ்ஸுல வாந்தி எடுக்கறான்! இவன் மரக்காணம் கடலைக்கூடப் பாத்திருக்க மாட்டான்!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்தமான் சோடாவில் வாய் கொப்பளித்து நிமிர்ந்தார்.

"கப்பல்லயும் இதே பேஜாருதாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் வாந்திதான். அதான் வழியில சாப்பாட்டுச் செலவே இல்லைங்க."

அக்கா வழியெல்லாம் மல்லாட்டை தின்றுகொண்டு வந்தவள். மடியிலிருந்த கடலைத்தோலை உதறிவிட்டு எழுந்தாள். "பொய் சொல்றவரு இந்த பஸ்ஸுல ஏறுவாராய்யா? வீட்டுல உக்காந்துக்கினே நாலு கதை சொல்லியிருப்பாரு. நான் இவருகூடப் போறேன். அப்பாவும் வரட்டும்."

போனார்கள். அப்பா கப்பலில் அலையைப் பார்த்ததைவிட அந்தமானைப் பார்த்ததுதான் அதிகமாம். இறங்கிய தீவில் எல்லாம் அந்தமான் நேரே ஏதாவது ஒரு தமிழ் வீட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயத்தைக் கொட்டி, ஸ்டவ்வைக் கழற்றிக்கொண்டே கொத்தனாரைப் பற்றி விசாரிப்பார். ஆபீஸில் கேட்கலாமே என்றாராம் அப்பா. "ஆபீஸ்ல நாளைக்கு வான்னுவாங்க, பெரியவரே. அடுப்படியில இன்னைக்கே சொல்லிடுவாங்க."

கடைசியாக ஹட் பே என்கிற துறைமுக ஊரில் ஓர் அம்மா, பற்றவைத்த ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே, "விழுப்புரம் கொத்தனாரா? கால் ஒடிஞ்சவரு?" என்றாராம்.

மாமா சாரத்திலிருந்து விழுந்திருந்தார். கால் கோணலாகக் கூடிவிட்டது. நொண்டிக்கொண்டு எப்படி ஊருக்கு வருவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு, ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாளாம்.

"காலுதானய்யா ஒடிஞ்சுது? வாயுமா ஒடிஞ்சுது?"

அதற்கப்புறம்தான் அழுதாளாம்.

நாலு பேரும் ஊர் வந்து சேர்ந்த அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. ஏட்டு அப்பாவைத் தனியாக இழுத்துப்போய்க் காதோடு காதாகக் கேட்டார். "இதுல அவனுக்கு என்னய்யா லாபம்?"

"எனக்கும் அதே சந்தேகம்தாங்க," என்றார் அப்பா. "கப்பல் பூரா அதைத்தான் யோசிச்சுக்கினு வந்தேன். ஒண்ணும் புலப்படல."

மறுநாள் காலை அந்தமான் வழக்கம்போல ஸ்டவ் ரிப்பேர் என்று கூவிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். அப்பா எங்கள் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்து, பக்கத்திலேயே குந்திக்கொண்டார். அந்த ஸ்டவ்வில் ஒரு ரிப்பேரும் இல்லை.