கரண்டியோடு ஒரு புற்றுநோய் நிபுணர்

நாயைப் பார்ப்பதற்கு முன்பே நாயின் மரபணுவைப் பார்த்துவிடத் துடிக்கிற இனம் ஒன்று சேர்வராயன் மலையில் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் இருமியதும் "ரத்தத்துல மார்க்கர் பாத்தாச்சுங்களா?" என்பார். மார்க்கர் என்றால் நோயைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு. தொண்டையில் முறுக்குத் துணுக்குதான் சிக்கியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் வாடிவிடும்.

இந்த இனம் ஆராய்ச்சிக் கட்டுரையை முழுதாகப் படிக்காது. மேலே இருக்கும் சுருக்கத்தைப் படிக்கும், அதையும் கொண்டை ஊசி வளைவில் போன் சிக்னல் போகிற வரைக்கும்தான் படிக்கும், மிச்சத்தைத் தானே எழுதிக்கொள்ளும்.

எங்கள் கரடியூர்ப் பக்கத்தில் இந்த இனத்துக்கு உதாரணம், ஹரிஹரன். வங்கி வேலையை முடித்துவிட்டுக் காபித் தோட்டம் வாங்கியவர். அங்கே வேலை செய்யும் காவேரி ஒருநாள் காலையில் வந்து, தன் நாய் ராக்கெட் முக்கி முக்கி நிற்கிறது, மூத்திரத்தில் ரத்தம் சொட்டுகிறது என்றார். புருசன் லாரியில் போய்விட்டால் அவருக்குத் துணை அந்தக் கிழட்டு நாய்தான்.

"டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போகட்டுங்களா சார்?"

"பொறு கண்ணு. மொதல்ல பிராஃப் பாக்கோணும்."

நாய்க்கு வரும் புரோஸ்டேட் புற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் அடிக்கடி தென்படும்; சிறுநீரோடு உதிரும் செல்களிலேயே அதைப் பிடித்துவிடலாம். இது உண்மை. சங்கடமே அதுதான். பொய் சொல்லியிருந்தால் நாங்கள் யாராவது தடுத்திருப்போம்.

சோதனைக்குச் சிறுநீர் பிடிக்க வேண்டுமே. குழம்புக் கரண்டியை நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு, கையுறை முகக்கவசம் சகிதம் ராக்கெட்டின் பின்னால் புறப்பட்டார் ஹரிஹரன். அது சில்வர் ஓக் மரத்தடியில் காலைத் தூக்கும், கரண்டி நீளும், அது கரண்டியைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், காலை இறக்கிவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்கும், இப்படியே காபிச் செடிகளுக்கு ஊடே, மிளகுக் கொடிகளைச் சுற்றி, தோட்டம் முழுக்க ஊர்வலம். தனியாகச் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு கரண்டியின் முன்னிலையில் நீங்கள் செய்வீர்களா?

மத்தியானம் ஹரிஹரன் அறிவித்தார்: "சுத்தமா நின்னு போச்சு. கட்டி அடைச்சிருச்சு. கடைசிக் கட்டம்."

காவேரி அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் கேட்காமலேயே டாக்டருக்குப் போன் போட்டார்.

கால்நடை டாக்டர் புவனேஸ்வரி ஸ்கூட்டரை நிறுத்தியதும் செய்த முதல் சிகிச்சை இது: "சார், நீங்க கொஞ்சம் ஊட்டுக்குள்ள போய் இருங்க."

கதவு மூடிக்கொண்டது. ராக்கெட் பக்கத்து மரத்தடியில் காலைத் தூக்கியது. சிரமப்பட்டுத்தான், ஆனாலும் பெய்தது, பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. அப்புறம் டாக்டர் கையுறை மாட்டி, பின்பக்கம் விரலால் சோதித்தார். புரோஸ்டேட் வீங்கியிருக்கிறது, காயடிக்காத கிழ நாய்களுக்கு வழக்கமாக வரும் வீக்கம் போலத்தான் தெரிகிறது, ஸ்கேன் எடுப்போம், அதில் சந்தேகம் வந்தால் சார் சொல்லும் பிராஃபையும் பார்த்துவிடலாம் என்றார்.

ஸ்கேனில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. காயடித்து மருந்தும் கொடுத்ததில் வீக்கம் வடிந்தது. காவேரி சேதி சொல்ல வந்தார்.

"புத்து இல்லைங்களாம் சார். நொம்ப சந்தோசமுங்க."

"இல்லவே இல்லையா?" என்றார் ஹரிஹரன், மகன் பரீட்சையில் தோற்ற சேதி கேட்ட தகப்பனைப் போல. "நல்லாப் பாத்தாங்களா?"

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. தெரியும். நடுவில் இதை நிறுத்திவிட்டு பிராஃப் என்று போனில் தேடினீர்களே, அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், மூலையில் நிம்மதியாகத் தூங்குகிற உங்கள் வீட்டு நாயின் பின்பக்கத்தை இப்போது ஏன் அப்படி உற்றுப் பார்க்கிறீர்கள்?