மொட்டைமாடியில் பத்துப் பேர் விசேஷம்

போர்வை காயவே இல்லை. தையல்காரரின் மனைவி அதை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டி, மின்விசிறியை ஓடவிட்டுப் பார்த்தாள். வீடு முழுக்க ஈர நாற்றம் அடித்ததுதான் மிச்சம்.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பழைய குடித்தனம் என்று மிஞ்சியது இவர்கள் மட்டும்தான். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்ததும் கட்டட முதலாளிக்கு யோகம் அடித்தது. வாடகை ஏற ஏற ஒவ்வொரு குடும்பமாக ஊர்க்கோடிக்குப் போனது. மாடிகளில் அலுவலகங்கள் வந்தன. மொட்டைமாடி காபிக்கடையானது. கீழே தையல் கடையும் அதன் பின்னால் இருந்த அறையும் ஏதோ பழைய ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் தப்பின.

அந்த மொட்டைமாடியில்தான் அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். மத்தியானமானால் எல்லா வீட்டுப் பெண்களும் வாளியோடு மேலே வந்துவிடுவார்கள். துணி சீக்கிரம் காய்ந்துவிடும், பேச்சு முடியத்தான் பொழுது சாயும். நர்ஸ், பஸ் டிரைவரின் அக்கா, மருந்துக்கடைக்காரர் மனைவி என்று எல்லாரும் கூடி ஊர்க்கதை முழுவதையும் அலசிப் பிழிந்து உதறிக் காயப்போடுவார்கள். இப்போது பேச ஆளில்லை. தையல்காரர் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும்.

மேலே போய்க் காயப்போட்டுவிட்டு வரட்டுமா என்று அவரிடம் கேட்டாள். அவர் குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினார்.

"நம்மளைக் கிளப்ப ஓனர் ஒரு சாக்கு தேடிட்டிருக்கான். நீயா போய் எடுத்துக் குடுக்காதே."

துணி காயப்போடத்தானே கூடாது, காபி குடிக்கலாமே என்று அவள் நல்ல உடுப்பை மாட்டிக்கொண்டு மேலே போனாள். கைப்பையில் இரண்டு ஈரத் தலையணை உறைகள் இருந்தன. சுவரோரமாக உட்கார்ந்து, தூசி தட்டுவதுபோல அவற்றைச் சுவர்மேல் விரித்தாள். காபி ஆறுவதற்குள் உறைகள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன.

சுற்றிலும் கருப்புக் கண்ணாடி போட்ட பெண்கள். எல்லாம் எதிரே எழும்பிய டவரில் குடியிருப்பவர்கள். பெரிய பெரிய பையோடு வருவார்கள், ஒருத்தியோடு ஒருத்தி பேசமாட்டார்கள். நாற்காலி முதுகில் ஆளுக்கொரு சால்வை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம், இவர்கள் உச்சி வெயிலில் சால்வையோடு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆசை யாரை விட்டது? மறுநாள் தையல்காரரின் ஈரச் சட்டையை எதிர் நாற்காலியில் மாட்டினாள். சர்வர் பார்த்ததும், அவர் வருவார், இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்றாள். சர்வர் அவருக்கும் ஒரு காபி கொண்டுவந்து வைத்தார். சட்டை சொட்டச் சொட்ட மேனேஜர் வந்து, சார் எங்கே என்று கேட்டார். கை கழுவப் போயிருக்கிறார் என்றாள். போனவர் வெகு நேரம் வராததால் மேனேஜர் பதறிப்போய்க் கழிவறைக் கதவைத் தட்ட, உள்ளே இருந்த யாரோ திட்டிய திட்டு மாடி முழுக்கக் கேட்டது. அவள் இரண்டு காபியையும் குடித்துவிட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போர்வை இருந்ததே. அடுத்த நாள் இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் போர்வையை விரித்தே விட்டாள்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"மேஜைவிரிப்பு. எங்க வீட்டு விசேஷம். பத்துப் பேர் வர்றாங்க."

அவரை அனுப்பிவைக்கச் சொன்ன சொல். அவரோ வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பத்துத் தட்டும் பத்து டம்ளரும் போர்வைமேல் வந்து உட்கார்ந்தன. பெரிய கேக்காக ஒன்று வெட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

போர்வை நன்றாகக் காய்ந்துவிட்டது. எடுக்கத்தான் வழியில்லை, புலி வாலைப் பிடித்த கதை. அவள் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இதில் நர்ஸ் உட்கார்ந்திருப்பாள். அதில் டிரைவரின் அக்கா காலை மடித்துப்போட்டுக்கொண்டு சிரித்திருப்பாள். கூப்பிட்டால் வருவார்கள்தான். ஆனால் எல்லாரும் இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரத்துக்குப் போய்விட்டார்கள். வீடு போய்விடுமே என்ற பயத்தைவிட அந்த நாற்காலிகள்தான் அவளை வாட்டின.

மேனேஜர் மறுபடி வந்தார். அவர் கையில் போன் இருந்தது.

"யாரும் வரலையேம்மா. நேத்து சாரும் வரலை. நீங்க கீழ் வீடுதானே? நான் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அப்போது பக்கத்து மேஜையில் இருந்த கருப்புக் கண்ணாடிக்காரி எழுந்து, பையும் சால்வையுமாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸாரிக்கா, லேட்டாயிடுச்சு."

பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா நாற்காலியும் நிறைந்துவிட்டது. மேனேஜர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேக் எடுக்க ஓடினார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். அவர்கள் சிரித்தபடி சர்வரைப் பார்த்தார்கள். அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அவள் காதோரம் குனிந்தார்.

"அந்த டவர்ல பால்கனியில துணி தொங்கினா அபராதமாம்மா. இவங்க பையில இருக்கறது பூரா ஈரத்துணிதான். நாளையிலேருந்து ஆளுக்கொரு நாள் விசேஷம் வெச்சுக்கலாமான்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க."