அமைதி நேரத்தில் கேட்ட சத்தங்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நமக்கு நடுவில் இருப்பது ஒரு கதவு மட்டும், நீங்கள் இப்போது இருமியதுகூடக் கேட்டது, ஆகவே ஓரளவு நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். கதவைத் தட்டிப் பேசுவதைவிட அடியில் தாளைத் தள்ளினால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் இந்தக் கடிதம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவருக்குக் கடிதம் எழுதினால் எத்தனை தடவை கிழித்தெழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நூலகம் போவதை நிறுத்தியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. படிக்கும்போது நீங்கள் ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகுவீர்கள். புத்தகத்துக்குள் நுழைய உங்களுக்கு அதுதான் வழி என்று அம்மா சொல்வாள். அன்று நூலக அம்மா 'அமைதி' பலகையைக் காட்டினார்கள், நீங்களும் "உங்க ஃபோன் என்னைவிடச் சத்தமா இருக்கு" என்று உள்ளதைச் சொன்னீர்கள், உடனே அவர்கள் "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே நீங்கள் கட்டிலைத் திருப்பிப் போட்டதைப் பார்த்து எனக்கு ஒரே வருத்தம். சித்தப்பா, இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது? அது திசை சம்பந்தப்பட்டது இல்லை. வராதீர்கள் என்பதைக் கோபத்தில் அப்படிச் சொல்வார்கள். நூலகத்தில் யாரும் படுப்பதும் இல்லை, பேப்பர் படிக்கிற பெரியவரைத் தவிர. ஆட்டிசம் உள்ளவர்களிடம் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று படித்தேன், அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

அதைப் படித்ததே ஒரு கதை. நம் நூலகத்தில் ஆட்டிசம் பற்றி மூன்று புத்தகம்தான், அவையும் நோய்கள் அடுக்கில், சர்க்கரை வியாதிக்கும் சொறிசிரங்குக்கும் நடுவில் இருந்தன. மூன்றும் பெற்றோருக்கு எழுதியவை. பக்கத்துக்குப் பக்கம் 'உங்கள் குழந்தை', 'உங்கள் குழந்தை'. உங்களை மாதிரி வேலை பார்த்து, மீசை நரைத்து, தானே வந்து எடுத்துப் படிக்கிறவருக்கு ஒரு வரிகூட இல்லை. தன்னைப் பற்றிய புத்தகம் தன்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நூலக அம்மாவிடம் போய், "இதை வேற அடுக்குல வைக்கலாமா?" என்றேன். "எண் அப்படித்தான் போட்டிருக்கு பாப்பா, நானா போட்டேன்?" என்றார்கள். "எங்க சித்தப்பா நோயாளி இல்லீங்களே" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அன்னைக்கு முனகினாரே, அவரா?" என்றார்கள். ஆமாம் என்றேன். முத்திரைக் கட்டையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் மேல ஃபோன். அப்பாவுக்கு முடியல. யார் மேலயோ காட்ட வேண்டியதை அவர் மேல காட்டிட்டேன்" என்றார்கள். பிறகு மூன்று புத்தகத்தையும் எடுத்துப் போய் வாழ்க்கை வரலாறு அடுக்கில் செருகிவிட்டு, "மேல இருந்து யாராவது வந்து கேட்டா நீ பதில் சொல்லு" என்றார்கள். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்றும் கேட்டார்கள். சொல்லாமல் யாரும் வந்தால் உங்களுக்கு ஆகாது என்று நான்தான் தடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பத்து மணிக்கு, உங்களைப் போன்றவர்களுக்காகச் சத்தமும் வெளிச்சமும் குறைத்து, அமைதி நேரம் வைக்கலாம் என்று நான் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள், அன்றிலிருந்து பிடித்தது சனி. அமைதி நேரம் தொடங்குகிறது என்பதை அவர்கள் மைக்கில் அறிவித்தார்கள், மைக் கீச்சென்று கத்தியதில் பேப்பர் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்தார்கள், அது இரும்பு மேசையில் கிர்ர்ரென்று துடித்து ஓரம் வரைக்கும் நடந்து போய்க் கீழே விழுந்தது. நான் பாதி டியூப் லைட்டை அணைத்தேன், பெரியவர் "எழுத்தெல்லாம் எறும்பா ஊருது" என்றார். மின்விசிறியை நிறுத்தினேன், எல்லோரும் பேப்பரை மடித்து விசிற ஆரம்பித்தார்கள், அந்தச் சரசரப்பு விசிறியைவிட மோசம். உள்ளே வருவது எப்படி, பை எங்கே வைப்பது, புத்தகம் எடுப்பது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து அட்டை ஒட்டினேன், ஒட்டினேன், ஒட்டிக்கொண்டே இருந்தேன், கடைசியில் கழிப்பறைக் கதவு எது என்று யாருக்கும் தெரியவில்லை. மூலையில் திரை கட்டி 'தனிமை வேண்டுவோர்க்கு' என்று எழுதி வைத்தேன். பெரியவர் நேராகப் போய் உட்கார்ந்தார். "ஐயா, இது தனியா இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு" என்றேன். "வீட்ல மருமக, இங்க நீ. எனக்கு வேணாமா தனிமை?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை, பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

ஒரே ஒரு நாள் ஒரு சிறுமி வந்தாள், ஏழு வயது இருக்கும், இரண்டு கையாலும் காதை மூடியிருந்தாள், கூட அவள் அம்மா. என் அட்டைகளில் முதல் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், பையைச் சரியான இடத்தில் வைத்தாள், பிறகு கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் உயர வாரியாக அடுக்க ஆரம்பித்தாள். நூலக அம்மாவின் கை தடுக்கிற மாதிரி மேலே போயிற்று, பாதியில் நின்று, தானே இறங்கியது. "நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்" என்று என் காதில் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து பெரியவரின் குறட்டை கிளம்பியது. அவள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டதற்கு அவள் அம்மா, "பரவால்லம்மா, எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். அந்தப் 'பழக்கம்தான்' இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் யாரும் வரவில்லை. "வர்ற சனியும் ஒருத்தரும் வரலைன்னா பழையபடியே விட்டுடலாம் பாப்பா, என்னாலயும் முடியல" என்கிறார்கள் நூலக அம்மா. ஆகவே தாங்கள் அவசியம் வர வேண்டும். நீங்கள் வந்தால் அமைதி நேரம் பிழைக்கும், அந்தச் சிறுமிக்கும் ஒரு இடம் இருக்கும், உங்களுக்கும் உங்கள் நூலகம் திரும்பக் கிடைக்கும்.

அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறதாம். நீண்ட ஆயுளும் குறையாத கண்பார்வையும் தங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று வேண்டும்,
அன்பு மகள்

பி.கு.: நீங்கள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தள்ளிய இதே தாளின் அடியில் எழுதுகிறேன். ஒற்றுப் பிழைகளை ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. 'மரபுத்தொடர்கள் எனக்குத் தெரியும். அவற்றைத் திருத்தித்தான் சம்பளம் வாங்குகிறேன். சுவரில் ஈரம் இறங்கியது, கட்டிலைத் திருப்பினேன்.' சரி. 'நான் நூலகம் போவதை நிறுத்தவில்லை. நீயும் அண்ணியும் கிளம்பிய பிறகு எட்டு மணிக்குப் போகிறேன். தரை துடைக்கும் அக்கா கதவைத் திறந்துவிடுகிறார். நூலகர் வருமுன் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை மட்டும் போவதில்லை. ஒருமுறை வந்தேன், நீ நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தாய். மின்விசிறியை நிறுத்தாதே, அந்த ஒலி எனக்கு வேண்டும். இதில் எதையும் நீ என்னிடம் கேட்கவில்லை.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். மூன்று புத்தகத்தைக் கேட்டிருக்கிறேன், நூலக அம்மாவைக் கேட்டிருக்கிறேன், அடுத்த அறையில் கேட்கவில்லை.

'அந்தச் சிறுமியை எட்டு மணிக்கு வரச் சொல். கீழ்த்தட்டை அவள் விருப்பம்போல் அடுக்கட்டும், அவள் போன பிறகு எண்படி நான் வைத்துவிடுகிறேன். நூலகரிடம் இதைச் சொல்லும்போது, அக்காவைத் திட்டக் கூடாது என்பதை முதலில் சொல்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே அப்படியே சொல்கிறேன், அதே வரிசையில்.

இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். விடுமுறை நாட்களில் அந்த எட்டு மணிக்கு நானும் வரலாமா? அட்டை எதுவும் கொண்டுவர மாட்டேன். ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தள்ளினால் போதும்.

(சிவப்பு மையில்)
ஆம். பேசக் கூடாது. முனகலாம்.