நோய் எந்த லயத்துக்குச் சொந்தம்?

லிந்துலை,
2020 நவம்பர் 12.

மதிப்புக்குரிய மச்சான் சிவசாமி அவர்களுக்கு, கீழ் லயத்து வரிசை வீட்டுப் பழனியாண்டி கைகூப்பி எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கு நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் எங்கள் மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனது முந்தாநாள்தான், முடிவு இன்னும் வரவில்லை, ஆகவே முதல் பாதியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். இரண்டாவது பாதி முழு உண்மை. ராகலையில் பஸ் ஓடுகிறதா, தங்கச்சி சுகமாக இருக்கிறதா என்று ராசம்மா தினமும் கேட்கிறாள். அன்றைக்கு நீங்கள் போனில், "ஏன் மச்சான் ஒங்க லயத்த அடைச்சுட்டாங்க, நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டபோது சிக்னல் போய்விட்டது. நான் என்ன செய்தேன் என்பது ஒரு போன் பேச்சில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எனக்கு இருந்தது பயம் அல்ல மச்சான், சந்தேகம். நாடு முழுக்க எல்லாரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதே ரேடியோவில், தேயிலை அத்தியாவசியம், தோட்ட ஆட்கள் மட்டும் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். அப்படியானால் இந்தக் கிருமி மலைக்கு ஏறாதா என்று வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டேன். "பழனியாண்டி, நீங்க வேல விட்டு மூணு வருசமாச்சு, ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?" என்றார். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இலை வாட்டியவனுக்குக் கேள்வி கேட்பதைத் தவிர இப்போது வேறு என்ன வேலை? கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள், பெண்கள் நின்றார்கள். நிறுக்கும் நேரத்தில் தராசு ஒன்றுதானே, எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் கிருமிக்கு ஓய்வு போலிருக்கிறது. நம் இரண்டு தொழிற்சங்கங்களும் சும்மா இருக்கவில்லை. பெரிய சங்கத் தலைவர் அழகன், அவர் எங்கள் கீழ் லயத்துக்காரர், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கை கழுவ ஒரு பீப்பாய் வைத்துப் போட்டோ எடுத்தார். மறுநாளே புதுச் சங்கத் தலைவர் நிரோஷன், அவர் மேல் லயம், களத்தின் மறுமூலையில் இன்னொரு பீப்பாய் வைத்துப் போட்டோ எடுத்தார். பெரிய சங்கப் பீப்பாயில் தண்ணீர் இருந்தது, சோப்பு இல்லை. புதுச் சங்கத்தில் சோப்பு இருந்தது, தண்ணீர் இல்லை. மேல் லயத்து வேலாயியை உங்களுக்குத் தெரியும், வாய் கொஞ்சம் நீளம். "இங்க ஈரமாக்கி அங்க போய்த் தேச்சு, திரும்ப இங்க வந்து கழுவணும். கைய சுத்தம் பண்றதுக்கே ரெண்டு சங்கத்துலயும் சேரணும் போல," என்று அவள் கத்தியது தொழிற்சாலை வரைக்கும் கேட்டது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பிள்ளை, உங்கள் மருமகள் நிலக்ஷி கொழும்பிலிருந்து வந்து இறங்கினாள். அவள் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள், அடுத்த நாள் ஊரை அடைக்கப் போகிறார்கள் என்று கேட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டு, "அப்பா, கிட்ட வராதீங்க, எனக்கு இருமலா இருக்கு," என்றாள். ஏழு மாதம் காணாத பிள்ளை. பெற்றவள் ராசம்மா ஓடிப் போகப் பார்த்தாள், நான் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதற்கு அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிள்ளையை உள் காம்பராவில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வாசல் இஸ்தோப்பில் திண்ணையில் படுத்தோம். ராசம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போவதையும் நிறுத்தினேன். மறுநாள் காலையில், பேப்பரில் போட்டிருந்த சுகாதாரப் பரிசோதகர் நம்பருக்கு நானே போன் அடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்தவர் எதற்கும் "ஹரி, ஹரி", சரி சரி என்றே சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஜீப் வந்தது. வந்தவர்கள் எங்கள் வாசலைத் திரும்பியும் பார்க்காமல் படி ஏறிப் போய், மேல் லயம் பன்னிரண்டு வீட்டையும் சுற்றி மஞ்சள் டேப்பு கட்டி, சிங்களத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு, நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிட்டார்கள். நோய் எங்கள் வீட்டில், பூட்டு அவர்கள் வீட்டில். நேராக அழகன் தலைவரிடம் ஓடினேன்.

"தலைவரே, லயம் மாறிருச்சு. எங்களுக்குக் கட்ட வேண்டியத அவங்களுக்குக் கட்டிட்டாங்க."

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தார். "சத்தம் போடாதீங்க. அரசாங்கம் கட்டுனது, அரசாங்கமே அவுக்கட்டும். நம்ம லயத்துப் பொம்பளைங்க பதினாலு நாள் வேலையில்லாம இருக்கணுமா? வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

நான் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போனேன். மேலே நிரோஷன் டேப்புக்கு உள்ளே நின்றுகொண்டு, இது மேல் லயத்து மக்களை ஒதுக்கும் செயல், உடனே அவிழ்க்க வேண்டும் என்று போனில் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான்காவது நாள் ஒரு லொறி வந்தது. டேப்பு கட்டிய வீடுகளுக்கு மட்டும் அரிசி, பருப்பு, சீனி, டின் மீன் என்று பொதி இறக்கினார்கள். அன்று மாலைக்குள் இரண்டு சங்கத்தின் கொள்கையும் இடம் மாறிவிட்டது. படிக்கட்டில், மேலே நிரோஷன், கீழே அழகன், நடுவில் ஆறடி. அதை மட்டும் இரண்டு பேரும் மதித்தார்கள்.

"நோய் வந்தது எங்க லயத்துக்கு! எங்க சங்கத்து ஆளோட மகளுக்கு! அத எப்படி ஒங்களுக்குக் குடுக்கலாம்?" என்றார் அழகன்.

"ஒங்ககிட்ட நோய் இருக்குன்னு என்ன அத்தாட்சி? எங்களுக்கு அரசாங்கமே டேப்பு கட்டிக் குடுத்திருக்கு. போராடி வாங்குன டேப்பு! யாரும் கை வைக்க முடியாது!" என்றார் நிரோஷன்.

யாரைக் கேட்டால் தெரியும் என்று நான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனேன். "லயம் கம்பனியோடது, நோய் அரசாங்கத்தோடது," என்றார். கிராம சேவகருக்குப் போன் அடித்தேன். தோட்டத்து லயங்கள் தன் பட்டியலில் இல்லை, துரையைக் கேளுங்கள் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். எங்களுக்கு நோய் வந்தால் நாங்கள் யாருடைய ஆட்கள் என்பது எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர், தெரிந்தால் எழுதுங்கள்.

ஆறாம் நாளுக்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மேல் லயத்துக்குப் போய் டேப்புக்கு வெளியே நின்று வேலாயியைக் கூப்பிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகோடு வந்தாள்.

"வேலாயி, படிக்கட்டுல தலைவர் கத்துனது நெசம், இந்த டேப்பு ஒங்களுக்கு வந்ததில்ல. எங்க வீட்டுக்கு வந்தது. நான்தான் போன் பண்ணினேன். லயம் மாறிப் போச்சு. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "அப்ப நான் மலைக்குப் போகாம குந்தியிருக்குறது ஒங்க வீட்டுக்காகவாண்ணே?"

"ஆமா."

"எம் மருமக எட்டு மாசம். கிளினிக்குக்குப் போக விடல. அதும் ஒங்களுக்காகவா?"

நன்றாகத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவள் குனிந்து சுளகை எடுத்துக்கொண்டாள். பிறகு, "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருமல் கொறஞ்சிருக்கு."

உள்ளே போனவள், பொதியில் வந்த கொத்தமல்லியை ஒரு தாளில் மடித்து, கம்பால் டேப்புக்கு அடியில் தள்ளிவிட்டாள். "அவிச்சுக் குடுங்க. அந்தப் பரிசோதகர் மாத்தயா வந்தா நீங்களே போய்ச் சொல்லணும். நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன்."

மறுநாள் பரிசோதகர் வந்தார். இளம் வயது, தூங்காத கண். ஜீப்புக்கு முன்னால் போய் நின்று, "மாத்தயா, லயிம வெரதி," என்றேன், லயம் தவறு என்று. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வெரதி நே," என்றார், தவறில்லையாம். அரசாங்க உத்தியோகத்தர் தவறை ஒப்புக்கொள்வாரா என்று எண்ணிக்கொண்டு நான் விடவில்லை. நிலக்ஷியின் பெயர், பஸ், இருமல், வேலாயி மருமகளின் எட்டு மாதம், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் மருத்துவத் தாதி மேல் லயத்துக்கே வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மத்தியானம் எங்கள் கீழ் லயம் பன்னிரண்டு வீட்டுக்கும் டேப்பு வந்தது. மேல் லயத்து டேப்பை யாரும் அவிழ்க்கவில்லை. ஆக, இருந்த ஒரு தவறைத் திருத்தப் போய் இருபத்திநான்கு வீட்டை அடைத்தவன் நான். எங்கள் லயத்துப் பெண்கள் என் வாசலைப் பார்த்துத்தான் பாத்திரம் கழுவின தண்ணீரை வீசுகிறார்கள். அழகன் மட்டும், சங்கத்தின் கோரிக்கை வென்றது என்று போனில் போட்டிருக்கிறார். முந்தாநாள் எல்லாருக்கும் மூக்கில் குச்சி. நிரோஷன் தும்மிய தும்மலில் பரிசோதகரின் தொப்பி பறந்துவிட்டது.

இவ்வளவுதான் மச்சான் நான் செய்தது. அந்தப் பரிசோதகர் அன்றைக்கே சரியான லயத்தைப் பார்த்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. நான் செய்தது சரியா என்று ராசம்மாவிடம் கேட்டால் முந்தானைக் கதைக்குப் போய்விடுகிறாள், நீங்களாவது சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், தங்கச்சிக்கு என் அன்பு. தபால் ஓடத் தொடங்கியதும் இதை அனுப்புவேன்.

இப்படிக்கு,
வீட்டை விட்டு நகர முடியாத
பழனியாண்டி

பி.கு. நவம்பர் 14: இன்று முடிவு வந்துவிட்டது. நிலக்ஷிக்கு ஒன்றுமில்லை, வெறும் சளி. எனக்கும் ராசம்மாவுக்கும் இல்லை, வேலாயி வீட்டிலும் யாருக்கும் இல்லை. நோய் இரண்டே பேருக்கு: நிரோஷனுக்கும் அழகனுக்கும். நிலக்ஷி வருவதற்கு முன்பே, யார் முதலில் முகக்கவசம் கொண்டுவருவது என்ற போட்டியில் இரண்டு பேரும் தத்தம் சங்கத் தலைமையகத்துக்குப் போக, ஒரே மரக்கறி லொறியில் லீக்ஸ் மூட்டைக்கு நடுவே ஒளிந்து கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். லொறிக்காரருக்கு நோய் கண்டதும், தனக்குத் தெரிந்த நிரோஷன் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார். மேல் லயத்தில் டேப்பு கட்டியது அதற்குத்தான். லயம் முதல் நாளே சரி. என் போன் அவர்களுக்கு வரவே இல்லையாம். நிலக்ஷி நம்பரைச் சரிபார்த்தாள், ஓர் எண் தவறு, நான் பேசியது தலவாக்கலையில் ஏதோ ஓர் இரும்புக் கடைக்கு. என் மன்னிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமாம், வேலாயி ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தலைவர்கள் இரண்டு பேருக்கும் தனிமைப்படுத்தல் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சாப்பாட்டில் உறைப்பு போதாது என்று இரண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கிறார்களாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் மச்சான். இங்கிருந்து கொழும்பு ஆறு மணி நேரம். அந்த மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டு போயிருப்பார்கள்?