மூடி இல்லாத பெட்டி

தவராசா ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவதில்லை.

அவர் துறைமுகக் களஞ்சியத்தின் பொறுப்பாளர். அவருடைய கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஓர் ஆணிகூட வெளியே போகாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு லிங்கநகரில், சொந்த வீட்டில், சொந்த மேசையில், ஒரு சோற்றுத் தட்டு வைக்க இடமில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டது கடதாசி. மனைவி கமலேஸ்வரி வாழ்த்து மட்டையும் அன்பளிப்புப் பெட்டியும் செய்யத் தொடங்கியபோது, "செய்யும், செய்யும், பொழுது போகும்தானே" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டியவர் அவர்தான். முதலில் மேசையின் ஒரு மூலை போனது. பிறகு ஒரு பக்கம் போனது. தைப்பொங்கல் வருவதற்குள் முழு மேசையும் கைமாறிவிட்டது. நிற மட்டைகள், ரிபன், பசை, சுருட்டி வைத்த கடதாசிப் பூக்கள். எல்லாவற்றையும் பொறுக்கலாம், அந்த மினுக்குத் தூளைத்தான் பொறுக்க முடியாது. அது சொதியில் மிதந்தது. தலையணையில் கிடந்தது. ஒருநாள் பெரிய அதிகாரிக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி விளக்கத்தைக் கேட்கவில்லை, அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மின்னிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பிரச்சினையைக் கிளப்பினார்.

"இஞ்சேரும், எனக்கு ஒரு முடிவு தெரியவேணும். இந்த மேசை சாப்பிடவோ, சாமான் பரப்பவோ?"

"ரெண்டுக்கும்தான். நீங்கள் தட்டை மடியில வைச்சால் ரெண்டும் நடக்குது."

"கடதாசி வெட்டி ஒட்டுறதும் ஒரு வேலையே? பாலர் வகுப்புப் பிள்ளையள் செய்யிறது!"

கமலேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் கவனமாக இருக்கவேண்டும். தவராசா கவனமாக இருக்கவில்லை.

"அப்ப வாற மாதம் எங்கட கலியாண நாளுக்கு ஒரு மட்டையும் ஒரு பெட்டியும் உங்கட கையால செய்து தாங்கோ. தந்தால் மேசை உங்களுக்கு. பிறகு நான் ஒரு கதை கதைக்க மாட்டன்."

"தராட்டி?"

"தராட்டி, கையில இருக்கிற கலியாண வீட்டு ஓடருக்கு நீங்கள்தான் பெட்டி மடிக்கவேணும். முழுப் பெட்டியும்."

யாருடைய கலியாணம் என்று தவராசா கேட்கவில்லை. தோற்கப் போகிறவன் கேட்கவேண்டிய கேள்வி அது. "சரி, பாப்பம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் களஞ்சியக் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினார். மட்டையை மடிப்பதற்கு முன்னால், மை தீர்ந்த பேனையால் மடிப்புக் கோட்டை ஒருதரம் அழுத்திவிடவேண்டும். கமலேஸ்வரி அப்படிச் செய்வதை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார், ஆனால் கவனித்ததில்லை. மடித்தார், மட்டை வெடித்தது. ஒட்டினார், பெட்டியோடு சேட்டுக் கையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. நாலு பக்கமும் நாலு அளவில் வந்தன. கடைசியில் ஒரு பூவாவது செய்வோம் என்று சிவப்புக் கடதாசியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அபூதாஹிர் உள்ளே வந்தார்.

அபூதாஹிர் அங்கே பாரந்தூக்கி ஓட்டுகிறவர். கிண்ணியாவிலிருந்து பாலத்தால் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோவார். இருவரும் நெடுநாள் கூட்டாளிகள்.

"நண்டு நல்லாயிருக்கு மச்சான்" என்றார் பூவைப் பார்த்து.

தவராசா பூவைக் கசக்கி எறிந்துவிட்டு நடந்ததைச் சொன்னார். அபூதாஹிர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதுக்குப் போய் ஏன் மண்டைய ஒடைக்கிற? எங்கட ஊட்ட நஜ்முன் நிஸாக்கு ஒரு ஆளத் தெரியும். மட்டை, பெட்டியெல்லாம் அந்த மாதிரிச் செய்வாங்களாம். சொல்லிவிடவா?"

தவராசா யோசித்தார். கிண்ணியா கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே சொன்ன கதை லிங்கநகருக்கு எப்படி வரும்? நண்பரின் மனைவி நல்ல மனுசி, அதிகம் பேசாதவர். வீட்டுப் பெண்களின் கையில் ஆளுக்கொரு தொலைபேசி இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"சொல்லு. ஆனா மிச்சம் வடிவா வரக்கூடாது. ஆம்பிளை ஒருத்தன் தன்ர கையால செய்த மாதிரி, கொஞ்சம் கோணல்மாணலா இருக்கவேணும்."

மறுநாளே கேள்வி வந்தது.

"மச்சான், எவ்வளவு கோணல் வேணுமாம்?"

"அளவான கோணல்."

"கெட்டிக்கார ஆம்பிளையா, சாதாரண ஆம்பிளையா எண்டு கேக்குறாங்க."

தவராசா நெஞ்சை நிமிர்த்தினார். "கெட்டிக்காரன் எண்டு சொல்லு."

அடுத்த நாள் பதில் வந்தது. "அப்பிடிச் செஞ்சா நம்ப மாட்டாங்களாம். சாதாரணமாவே செய்யிறாங்களாம்."

அதற்கு அடுத்த நாள் இன்னொரு கேள்வி.

"மட்டைக்கு உள்ளுக்கு என்ன எழுதப்போற? நீதான் ஒன்ட கையால எழுதவேணுமாம். அதுக்கேத்த மாதிரி எடம் விடணுமாம்."

"என்னத்தை எழுதிறது? இனிய திருமண நாள் வாழ்த்துகள்."

"அது கடையிலயே கெடைக்குமாம். பொண்டாட்டியப் பத்தி உண்மையா ஒரு வசனம் சொல்லட்டாம். இல்லாட்டிச் செய்ய மாட்டாங்களாம்."

தவராசா திணறிப்போனார். களஞ்சியத்தில் எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்படி ஒன்றை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து வெகுநேரம் துறைமுகத் தண்ணீரைப் பார்த்தார்.

"கப்பல் வாற நாளில நான் எவ்வளவு சுணங்கிப் போனாலும் அவ சாப்பிடாமப் பாத்துக்கொண்டு இருப்பா" என்றார் கடைசியில். "ஏன் சாப்பிடேல்லை எண்டால் பசிக்கேல்லை எண்டுவா. அது பொய். அந்தப் பொய்யாலதான் எனக்கு வீட்டை போக ஆசை வாறது."

"இத அப்பிடியே சொல்லிவிடுறன்" என்றார் அபூதாஹிர்.

கலியாண நாளுக்கு முதல் நாள் சாமான் வந்தது. மட்டையில் ஒரு சிவப்புப் பூ, ஓர் இதழ் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. நீல நிறப் பெட்டி, ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அளவான கோணல் என்றால் இதுதான். ஆனால் ஒரு குறை.

"மூடி எங்க?"

"கேட்டனான். ஆம்பிளை செஞ்சா மூடிக்கு வாறதுக்கு முந்தியே களைச்சிருவானாம். மூடி இல்லாட்டித்தான் நம்புவாங்களாம்."

"கெட்டிக்காரி!" தவராசா உண்மையாகவே வியந்துபோனார். "இப்பிடி மூளையுள்ள பொம்பிளையைக் கட்டினவன் குடுத்து வைச்சவன்."

மட்டைக்குள் எழுதும் வேலையை மட்டும் அவர் தாமே செய்தார். பழைய கடதாசியில் எழுதிப் பழகிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினார். பெட்டிக்குள் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்தார்.

கலியாண நாள் பின்னேரம் வீட்டுக்குள் காலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இரண்டு தட்டு, புட்டு, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல். கமலேஸ்வரி புதுச் சீலை உடுத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள். தவராசா மட்டையையும் பெட்டியையும் நீட்டினார்.

அவள் மட்டையை விரித்து வாசித்தாள். இன்னொருதரம் வாசித்தாள். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தவராசா அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும்.

"எல்லாம் என்ர கை வேலை" என்றார்.

"உங்கட கையாலயோ செய்தனீங்கள்?"

"பின்னை, காலாலயோ?"

"மடிப்பெல்லாம் வெடிக்காமல் நல்லா வந்திருக்கு."

"அதென்ன பெரிய வேலையே? கை பழகினால் வரும்."

"மூடியைக் காணேல்லை?"

"மூடியோ? அது... இப்ப ஆரும் மூடி வைக்கிறதில்லை. திறந்தபடி குடுக்கிறதுதான் இப்பத்தையப் பழக்கம். உமக்குத் தெரியாதே?"

"இருங்கோ, வாறன்."

அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீல மூடி இருந்தது. பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். மூடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. உள்ளே இருந்த காற்றை மெல்ல வெளியே விட்டபடி தானாகவே இறங்கி உட்கார்ந்தது. சாய்ந்திருந்த மூலைக்கு மூடியிலும் அதே சாய்வு. ஒரு பெட்டிக்கு இப்படிப் பொருந்தும் மூடி உலகத்தில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் செய்தவரிடம்தான் இருக்கும். களஞ்சியப் பொறுப்பாளருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

"அபூதாஹிர்..." என்றார் ஈனக் குரலில்.

"பாவம், அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. நஜ்முன் நிஸாவும் நானும்தான். ஆற்ற கலியாண ஓடர் எண்டு நீங்கள் ஒரு நாளாவது கேட்டனீங்களோ? அவையின்ர மகள் பஸ்னாவின்ர கலியாணத்துக்குத்தான் நான் பெட்டி செய்யிறன்."

தவராசா கதிரையில் விழுந்தார். "அப்ப நான் தோத்திட்டன்."

"ஓம். ஆனா அந்த வசனம் உங்கடதுதானே? அது எனக்குக் காணும்." அவள் மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "வாங்கோ, சாப்பிடுவம். எனக்கு நல்லாப் பசிக்குது."

சாப்பிட்டார்கள். நண்டின் பெரிய கால் அவருடைய தட்டுக்குத்தான் வந்தது. தோற்றவர் அன்றைக்கு மிகவும் சந்தோசமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவராசா அதே மேசையில் உட்கார்ந்து பெட்டி மடித்தார். பக்கத்தில் அபூதாஹிரும் மடித்தார். தெரியாமல் உதவி செய்ததும் குற்றம்தான் என்று நஜ்முன் நிஸா அனுப்பிவைத்திருந்தார். முதல் பெட்டிகள் வெடித்தன. மத்தியானத்துக்குப் பிறகு கை வழிக்கு வந்தது. பின்னேரம் தவராசாவின் கையில் ஒரு பெட்டி வந்தது, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோணல் இல்லை. தண்டனை என்பதையே மறந்து துள்ளினார்.

"இஞ்சேரும், ஓடி வாரும்! இதைப் பாரும்!"

கமலேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள். பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உடனே தொலைபேசியை எடுத்தாள்.

"நஜ்முன் நிஸாவோ? அண்டைக்கு நீங்கள் கொண்டுவந்து நான் ஏலாதெண்டு விட்ட மற்றக் கலியாண ஓடரையும் எடுங்கோ. ஓம், ஓம், நல்ல ஆள் கிடைச்சிட்டுது. இந்த மேசைதான் காணாது, இனி இவற்ற கட்டிலையும் எடுக்கவேண்டி வரும்."